இறைவன் இறங்கிய மலை

திண்டுக்கல் நகரை எத்திசையிலிருந்து அணுகினும் முதற்கண் தோன்றுவது ஊரன்று; மலையே. சமவெளியின் நடுவே, வேறு குன்று ஒன்றும் தோளொட்டி நில்லாமல், ஒரே பெரும்பாறை தனித்து உயர்ந்து நிற்கின்றது. அமர்ந்தோர் சாய்ந்துகொள்ளும் திண்டினைப் போன்ற கல்லாதலின் ஊருக்குத் திண்டுக்கல் என்னும் பெயர் வந்தது என்பர். சொல்லாராய்ச்சி வல்லார் இதனை ஏற்பினும் மறுப்பினும், மாலை வெயிலில் அம்மலையைத் தொலைவிலிருந்து கண்டவர் மறுக்கத் துணியார்.

சைவர் இம்மலையைப் பத்மகிரி என்று போற்றுவர். தாமரை மலை என்பது அதன் பொருள். இதன்மேல் எழுந்தருளியிருந்த இறைவன் பத்மகிரிநாதர், இறைவி அபிராமி. பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் இவ்விறைவன்மீது பாடிய தூது நூல் ஒன்று உண்டு. தலைவி ஒருத்தி பத்மகிரிநாதர்பால் காதல் மீதூரப்பெற்றுத் தென்றலைத் தூது விடுப்பதாக அமைந்தது அந்நூல். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1932ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். ‘பத்மகிரிநாதர் தென்றல்விடு தூது’ என்னும் அந்நூலைக் கற்றுவிட்டு மலையேறுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. தென்றல் இன்றும் மலைமேல் வீசுகின்றது. ஆனால், அது கொண்டுவரும் தூதினைக் கேட்க இறைவன் அங்கே இல்லை.

தை மாதத்து ஒருநாட் காலை, நிலக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவர் இருபதின்மரும் அவர்தம் தமிழாசிரியரும் அம்மலையேறினர். பனி இன்னும் முற்றும் விலகவில்லை. கிழக்கே சிறுமலையின் முகடுகளில் வெண்முகில் படிந்து கிடந்தது. பாறையையே செதுக்கி அமைத்த படிகள் அகன்றும் தாழ்ந்தும் இருந்தமையால், முதலில் ஓட்டமாக ஏறிய சிறுவர்கள், பாதி வழியில் தாமே நடை தளர்ந்து ஆசிரியரோடு சேர்ந்துகொண்டனர். கோட்டைகளைக் கண்டிராத கண்களுக்கு அம்மதில் முதலில் மதிலாகவே தோன்றுவதில்லை. எங்கே பாறை முடிகின்றது, எங்கே மனிதன் அடுக்கிய கல் தொடங்குகின்றது என்று பிரித்தறிய அரிதாகும்படி ஒன்றோடொன்று இயைந்து கிடக்கின்றன. மலையின் சரிவு செங்குத்தாக உள்ள இடத்தில் மதில் தாழ்ந்தும், சரிவு எளிதாக உள்ள இடத்தில் மதில் ஓங்கியும் இருப்பதை ஆசிரியர் சுட்டிக் காட்டினார். கோட்டை கட்டியவர்கள் மலை செய்து வைத்த வேலையை மீண்டும் செய்யவில்லை. அது விட்டுவைத்ததை மட்டும் செய்து முடித்தார்கள்.

மதுரை நாயக்கர் மரபில் வந்த முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605ஆம் ஆண்டில் இக்கோட்டையைக் கட்டினார் என்பது வரலாறு. பின்னர்த் திருமலை நாயக்கர் இதனை வலிவுறச் செய்தார். மைசூரிலிருந்து மதுரைக்கு இறங்கி வரும் படைகளுக்கு இவ்வழியே வாயிலாதலின், மதுரைக்கு வடக்கே பூட்டிய கதவு போல இம்மலை விளங்கியது. பூட்டுக்குப் பெயர்போன ஊரில் இவ்வுவமை தானே வந்து பொருந்துகின்றது. மதுரை நாயக்கர் ஆட்சி மறைந்தபின் கோட்டை மைசூரார் வசமாயிற்று. 1755ஆம் ஆண்டில் ஐதர் அலி இங்கே படைத்தலைவராக வந்து அமர்ந்தார். பிரெஞ்சுக்காரரைத் துணைக்கொண்டு பீரங்கிப் படையைப் பழக்கினார். பிற்காலத்தில் மைசூர் நாட்டையே ஆண்ட அம்மாவீரர் தம் ஆற்றலைத் திரட்டிக்கொண்ட இடம் இப்பாறை. அவர்தம் உடன்பிறந்தாள் அமீருன்னிசா பேகம் இவ்வூரிலேயே அடக்கமானார். அவர் பெயரால் வழங்குவதே மலைக்கு அண்மையிலுள்ள பேகம்பூர்.

அதன்பின் இக்கோட்டை கைமாறிய கதை பந்தாட்டம் போன்றது. 1767இல் ஆங்கிலக் கம்பெனியார் பற்றினர். அடுத்த ஆண்டே ஐதர் மீட்டார். 1783இல் மீண்டும் கம்பெனியார் பற்றினர். 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையால் மைசூருக்குத் திருப்பிக் கொடுத்தனர். 1790இல் மூன்றாம் முறையாகப் பற்றியவர்கள், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் நிலையாகத் தமதாக்கிக்கொண்டனர். 1860ஆம் ஆண்டு வரை அவர்தம் காவற்படை இங்கே தங்கியிருந்தது. இன்று கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது.

உச்சியை அடைந்ததும் மாணவர்கள் கோயிலுக்குள் புகுந்தனர். பகலவன் ஒளி தூண்களினூடே சாய்ந்து விழுந்து, தரையில் கருமையும் வெண்மையுமாகக் கோடிட்டிருந்தது. தூண்களில் சிற்பங்கள் உண்டு, மண்டபம் உண்டு, கருவறையும் உண்டு. கருவறைக்குள் எட்டிப் பார்த்தவன் ஒருவன், கூப்பிய கையைப் பிரிப்பதா வேண்டாவா என்று அறியாமல் திகைத்து நின்றான்.

“ஐயா, உள்ளே சாமி இல்லையே!”

“இல்லை, தம்பி. கீழே இறங்கிவிட்டார்.”

“யார் இறக்கினார்கள்?”

“கோட்டை இறக்கியது” என்றார் ஆசிரியர்.

அவ்விடை சிறுவனுக்கு விளங்கவில்லை. ஆசிரியர் அவனைக் கூட்டிக்கொண்டு மதிலோரம் சென்றார். அங்கே பீரங்கி ஒன்று வாயைப் பள்ளத்தாக்கின் பக்கம் நீட்டிக் கிடந்தது. சற்றுத் தள்ளிப் படைவீரர் தங்கிய கட்டடங்கள். வெடிமருந்து வைத்த அறைகள். மழைநீர் தேங்கும் சுனைகள். இவற்றையெல்லாம் காட்டியபின் அவர் விளக்கிச் சொன்னார். கோயிலுக்குக் கதவு திறந்திருத்தலே அழகு. கோட்டைக்குக் கதவு மூடியிருத்தலே வலிமை. முற்றுகைக் காலத்தில் கோட்டைக் கதவு அடைபட்டால், பாலும் பூவும் கொண்டு ஏறும் அடியார் வரவும் அடைபடும். ஆண்டுக்கு ஒரு கொடி ஏறி இறங்கும் மலையில், நாட்பூசை எங்ஙனம் நடைபெறும்? அத்தகைய போர்க்காலம் ஒன்றில் பத்மகிரிநாதரையும் அபிராமியையும் மலையடிவாரத்துக் காளத்தீசுவரர் கோயிலில் எழுந்தருளச் செய்தனர் என்பது ஊரில் வழிவழியாக வழங்கும் செய்தி. காவலுக்கென்று மலைமேல் வந்த கோட்டை, காக்கப்பட வேண்டிய கோயிலையே வெறுமையாக்கிற்று. பழியை ஓர் அரசர்மேலோ ஒரு சமயத்தார்மேலோ ஏற்றிவிட்டு அமைதிகொள்ள விரும்புவோர் உளர். கோட்டையைக் கட்டியவர், பிடித்தவர், இழந்தவர், மீட்டவர் அனைவரும் இதில் பங்காளர் என்பதே நடுநிலையாளர் கருத்தாக இருக்க முடியும்.

கருவறை வாயிலில் காற்று சிறிது ஒலியெழுப்பிச் சென்றது. “இதுதானா ஐயா, தூது வந்த தென்றல்?” என்று வகுப்பில் அந்நூலின் கதையைக் கேட்டிருந்த மாணவி ஒருத்தி வினவினாள். தைமாதத்தில் வீசுவது வாடையே அன்றித் தென்றல் அன்று என்று ஆசிரியர் திருத்தினார். எனினும் அவர் முகம் மலர்ந்தது.

கோயிலின் மேற்குப் புறத்தே நின்று நோக்கினால், ஊரின் ஓட்டுக் கூரைகளும் புதிய மாடங்களும் தாழக் கிடக்கும். அவற்றுக்கு அப்பால் வயலும் தோட்டமும் வெள்ளைச் சாலைகளுமாகச் சமவெளி விரியும். அதன் எல்லையில் பழனி மலைத்தொடர் நீலவரையாகப் படர்ந்து செல்லும். அத்தொடரின் அடியில், ஒட்டன்சத்திரத்தை அடுத்துப் பழனிக்குச் செல்லும் வழியில் உள்ளது விருப்பாட்சி. அதன் அருகே தலையூத்து என்னும் அருவி வீழ்கின்றது. இன்று அது சிற்றூர். அன்று அது பாளையத்தின் தலைநகர். இம்மலைக்கோயிலை விடுதலைப் போராட்டத்தோடு பிணைக்கும் கயிற்றின் மற்றொரு முனை அங்கேதான் கட்டப்பட்டிருக்கின்றது.

1772ஆம் ஆண்டில் சிவகங்கைச் சீமையின் அரசர் முத்துவடுகநாதர், காளையார்கோயிலில் ஆர்க்காட்டு நவாபின் படையோடும் கம்பெனிப் படையோடும் பொருது வீழ்ந்தார். கணவரை இழந்த அரசி வேலுநாச்சியார், சிறு பெண்ணாகிய மகள் வெள்ளச்சியோடு விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்தார். அமைச்சர் தாண்டவராய பிள்ளையும், மருது உடன்பிறந்தார் இருவரும் உடன் வந்தனர். தம்மிடம் வந்தவர்க்கு இடங்கொடுத்தால் கம்பெனியின் பகை தம்மையும் சூழும் என்பது விருப்பாட்சியார் அறியாததன்று. அறிந்தே இடங்கொடுத்தனர். தாண்டவராய பிள்ளை அவ்வாண்டின் இறுதியிலேயே ஐதர் அலிக்குத் திருமுகம் விடுத்து, ஐயாயிரம் குதிரை வீரரும் ஐயாயிரம் காலாட்களும் தந்துதவுமாறு வேண்டினார். அரசி இத்திண்டுக்கல் கோட்டைக்கே வந்து ஐதரைக் கண்டு, உருது மொழியில் உரையாடித் தம் வழக்கை எடுத்துரைத்தார் என்று மக்கள் இன்றும் பெருமையோடு கூறுவர். எட்டாண்டுகள் கடந்தன. கைப்பொருள் இழந்து, நாடு இழந்து, பிறர் நிழலில் எட்டாண்டுகள் இருந்தும் நெஞ்சம் தளராதிருத்தல், களத்தில் ஒருநாள் வாளேந்துவதினும் அரிய வீரம். 1780ஆம் ஆண்டில், ஐதர் உதவிய படையும் தம்மவர் திரட்டிய படையும் துணைவர, வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டு அரியணை ஏறினார்.

கடவுளை மலையினின்று இறங்கச் செய்த அதே கோட்டை, நாடிழந்த ஓர் அரசிக்கு நம்பிக்கை தந்த கோட்டையுமாயிற்று. ஐதரை நண்பர் என்றோ பகைவர் என்றோ ஒரு சொல்லால் முடித்துவிட நினைப்பவர், இம்மலைமேல் நின்று சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.

மைசூரார் போய்க் கம்பெனியார் வந்ததும் பாளையக்காரர்க்கு இடர் மிகுந்தது. ஆண்டுதோறும் கப்பம் என்ற பெயரில் உழவர் உழைப்பெல்லாம் கம்பெனியின் கருவூலத்தைச் சேர்ந்தது. அக்காலத்தில் விருப்பாட்சியின் தலைவராக விளங்கியவர் கோபால் நாயக்கர். அவர் தம் பாளையத்துக்காக மட்டும் வாளெடுக்க எண்ணவில்லை. தனித்தனியே நின்றவர் தனித்தனியே அழிந்ததை அவர் கண்டிருந்தார். 1799ஆம் ஆண்டில் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் அவர் நெஞ்சில் பசுமையாக இருந்திருக்க வேண்டும். ஆகவே சிவகங்கை மருது உடன்பிறந்தாரையும், கோவைப் பகுதித் தலைவர்களையும், மலையாள நாட்டில் போரிட்ட கேரள வர்மரையும், மைசூர்ப் பகுதியில் படைதிரட்டிய தூந்தாஜி வாக் என்பவரையும் ஓரணியில் சேர்க்க முயன்றார். 1800ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் விருப்பாட்சியில் தலைவர்கள் கூடி ஆராய்ந்தனர். வரலாற்றாசிரியர் இதனைத் திண்டுக்கல் கூட்டமைப்பு என்று குறிப்பர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் உருதுவும் பேசுவோர், வேறு வேறு தெய்வம் தொழுவோர், ஒருவனை எதிர்க்க ஒன்றுபட்ட கூட்டம் அது. 1857ஆம் ஆண்டு வடநாட்டுப் பெரும்புரட்சிக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இஃது நிகழ்ந்தது.

கோயமுத்தூர்க் கோட்டையை 1800ஆம் ஆண்டு சூன் 3ஆம் நாள் தாக்குவதாகத் திட்டம். தூந்தாஜி வாக் வடக்கிலிருந்து உதவ வேண்டும். ஆனால் செய்தி முன்னரே வெளிப்பட்டது. கோவையைச் சூழ்ந்த ஊர்களில் பிடிபட்ட வீரர் 42 பேர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் தூந்தாஜி வாக்கும் போரில் வீழ்ந்தார். அவரைத் துரத்திச் சென்று வென்ற ஆங்கிலத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்து உலகப் புகழ் பெற்றவரும் அவரே. நெப்போலியனை வென்ற கை முதலில் யார்மேல் பயின்றது என்பதை ஐரோப்பிய வரலாற்று நூல்களைக் கற்போர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தோல்வியுற்றும் போர் ஓயவில்லை. 1801ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் சின்னமருது வெளியிட்ட அறிக்கை, திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. நாவலந்தீவின் மக்கள் அனைவரும், குலமும் சமயமும் பாராது, வெள்ளையரை எதிர்த்து எழுமாறு அது அழைத்தது. கோயில் மதிலை அவர் தேர்ந்தது பொருத்தமே. அரசாணையைப் படிக்கச் செல்லாதவரும் ஆண்டவனைத் தொழச் செல்வர் அல்லவா?

அதே 1801ஆம் ஆண்டில் கம்பெனிப் படை விருப்பாட்சியைத் தாக்கியது. கோபால் நாயக்கர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். திண்டுக்கல்லில் கோபாலசமுத்திரக் கரையிலே நின்ற புளியமரம் ஒன்றில் அவர் உயிர் பிரிந்தது என்பர் ஊரார். அக்டோபர்த் திங்களில் காளையார்கோயிலும் வீழ்ந்தது. மருது உடன்பிறந்தார் எடுப்பித்த கோபுரம் அங்கே ஓங்கி நின்றது. அவர்கள் வந்து பணியாவிடின் கோபுரத்தைப் பீரங்கியால் தகர்ப்போம் என்று கம்பெனியார் அச்சுறுத்தியதாகவும், அதனைக் காக்கவே இருவரும் தம்மை ஒப்படைத்ததாகவும் சிவகங்கைச் சீமையில் கூறுவர். இருவரையும் அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிட்டனர். கோபுரம் இன்றும் நிற்கின்றது.

எஞ்சியோர் பலர் 1802ஆம் ஆண்டில் கடல் கடந்து பினாங்குத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுள் சின்னமருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன்; பள்ளிப் பருவம் கடவாத சிறுவன். வெல்ஷ் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர் 1818ஆம் ஆண்டில் பினாங்குக்குச் சென்றபோது அவனைக் கண்டார். இளமையிலேயே முதுமை எய்தியவன் போலத் தோன்றிய அவன் யாரென அறிந்து வெல்ஷ் வருந்தினார். ஏனெனில், அமைதி நிலவிய நாளில் அவருக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்பித்தவர் சின்னமருது. பின்னர் அவரை வேட்டையாடிய படையில் வெல்ஷும் இருந்தார். இவற்றையெல்லாம் அவரே தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்தார்.

இச்செய்தியைக் கேட்ட மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, கருவறையில் திகைத்து நின்ற சிறுவனே கேட்டான்:

“நம்மவர் எழுதிவைக்கவில்லையா, ஐயா? இத்தனை கல் இருக்கிறதே!”

நல்ல வினா. கோட்டையைக் கட்டியவர் பெயர் தெரிகின்றது. பிடித்த தளபதியின் பெயர் தெரிகின்றது. பிடித்த நாளும் தெரிகின்றது. கோவையில் மாண்ட 42 பேரின் பெயரைத் தாங்கிய கல் இம்மலைமேல் ஒன்றேனும் இல்லை. கல்வெட்டுப் பொறிப்பதற்கு நாடு வேண்டும். பொறிப்போனுக்குக் கூலி கொடுக்கக் கருவூலம் வேண்டும். பொறித்ததை அழியாமல் காக்க ஆட்சி வேண்டும். தோற்றவர்க்கு இம்மூன்றும் இல்லை. அவர்கள் வரலாற்றை இன்று அறிய வேண்டுவோர், பகைவர் தம் மேலதிகாரிகளுக்கு எழுதிய கடிதங்களைத்தான் முதலில் புரட்ட வேண்டியுள்ளது. அக்கடிதங்களில் அவர்கள் கலகக்காரர் என்றும் கொள்ளையர் என்றும் குறிக்கப்படுகின்றனர். அவ்வசைச் சொற்களைக் களைந்துவிட்டு, நாளையும் இடத்தையும் ஆட்களையும் மட்டும் பொறுக்கி எடுத்துப் பிற்கால ஆராய்ச்சியாளர் இவ்வரலாற்றை அமைத்தனர். அதனோடு நாட்டுப்புறத்தார் வாய்மொழியும் துணைநின்றது. ஏட்டில் ஏறாத பலர் தாலாட்டிலும் கும்மியிலும் ஏறினர். விருப்பாட்சியில் கோபால் நாயக்கருக்குத் தமிழக அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கின்றது. அவர் மறைந்து இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த மண்டபம் அது. காலம் தாழ்ந்ததேனும் நல்லதே.

ஆசிரியர் இவ்வளவும் சொல்லவில்லை. “எழுதக் கல் இருந்தது, தம்பி; கை இல்லை” என்று மட்டும் சொன்னார்.

வெயில் ஏறவே அவர்கள் இறங்கத் தலைப்பட்டனர். ஏறும்போது மூச்சு வாங்கியது. இறங்கும்போது முழங்கால் நடுங்கிற்று. அடிவாரத்திலிருந்து கோபாலசமுத்திரத்தை நோக்கி நடந்தனர். நகரின் இரைச்சலுக்கு நடுவே கிடக்கின்றது அக்குளம். கரையில் நூற்றெட்டு விநாயகர் கோயில் உள்ளது. தேங்காய் உடைக்கும் ஒலியும் மணியொலியும் இடையறாது கேட்டன. புளியமரம் எங்கே என்று மாணவர் தேடினர். பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருத்தியைக் கேட்டபோது, “அதெல்லாம் எங்க பாட்டி காலத்துக்கும் முந்தி, கண்ணுகளா” என்று சொல்லிவிட்டுக் கரையின் ஒருபுறத்தைக் கையால் காட்டினாள். அவள் காட்டிய திசையில் மிதிவண்டிகளும் தள்ளுவண்டிகளும் நின்றன. பின்னும் ஒரு சொல் சேர்த்தாள்: “தூக்குல போட்ட ராசான்னு சொல்லுவாக.”

பெயரை அவள் சொல்லவில்லை, மாணவரே சொன்னார்கள்.

அங்கிருந்து அபிராமியம்மன் கோயிலுக்கு வந்தனர். ஊரின் நடுவே, கடைத்தெருக்களின் நெருக்கத்தில், எந்நேரமும் ஆள் நடமாட்டம் உள்ள கோயில் அது. ஞானாம்பிகையோடு காளத்தீசுவரரும், அபிராமியோடு பத்மகிரீசுவரரும் ஆக இரு இறைவரும் இரு இறைவியரும் ஒரே மதிலுக்குள் வீற்றிருக்கின்றனர். முன்பே அங்கிருந்தவர் இடம் சுருக்கிக் கொடுக்க, மலையிலிருந்து வந்தவர் அமர்ந்தார் போலும்! அடைக்கலம் கொடுக்கும் இயல்பு இப்பகுதியில் விருப்பாட்சியார்க்கு மட்டும் உரியதன்று.

உச்சிக்காலப் பூசை நடந்துகொண்டிருந்தது. கருவறையில் தீபம் ஏந்தப்பட்டது. மலைமேல் கூப்பிய கையைப் பிரிக்கவும் மாட்டாமல் சேர்க்கவும் மாட்டாமல் நின்ற சிறுவன், இப்போது கூட்டத்தின் முன்னே சென்று நின்றுகொண்டான். குருக்கள் திருநீறு கொடுத்துக்கொண்டே, “எந்த ஊர் பிள்ளைகள்?” என்று கேட்டார். ஊரைச் சொன்ன சிறுவன், “மேலே போய்விட்டு வருகிறோம்” என்றும் சொன்னான். “மேலே சாமி இல்லையே” என்றார் குருக்கள். “ஆம், பார்த்துவிட்டு வந்தோம்” என்றான் அவன்.